ஹல்துமுல்லைக் கல்லறைகள் இடம் மாறியபோது

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் பாதர் சொன்னார். மழைக்குப் பிறகு சர்ச்சுக்குக் கீழே நிலம் வெடித்திருக்கிறதாம். கல்லறைத் தோட்டம் சரிந்துவிடுமாம். எலும்புகளை எடுத்து மேட்டில் புதைக்கப் போகிறார்கள். அவரவர் வீட்டுக் கல்லறையைக் காட்ட வேண்டும்.

துரைமாருக்குப் பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருக்கிறது. கண்டி ரோட்டுக்கும் கொழும்பு ரோட்டுக்கும் கல் உடைத்த நம்மவர்களுக்கு மண்மேடுதான். என் பிள்ளைக்கு அதுவும் இல்லை. கொய்யா மரத்தடி என்று மட்டும் தெரியும்.

ஜனவரி 13

என் வீட்டுக்காரர் றிச்சர்டிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். பிறந்த அன்றே போன பிள்ளை — மறந்தே விட்டாரா?

ஜனவரி 15, வியாழன்

பக்கத்து வீட்டு முருகையா பொங்கல் கொண்டுவந்தார். என் தையல் கடைக்கு அடுத்த கடை ஸகீனாவும் வந்தாள். "எங்க பள்ளிவாசல் ஆளுங்களும் கோயில் ஆளுங்களும் மம்பட்டியோட வர்றாங்க. நீங்க இடத்த மட்டும் காட்டுங்க நேசா."

ஜனவரி 18, ஞாயிறு



கொய்யா மரத்தடியைக் காட்டினேன். முருகையா மம்பட்டியை ஓங்கினார். "அங்க இல்ல" என்றார் றிச்சர்ட். நேராக மதிலோரம் போய் நின்றார். "இங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே குழி வெட்டினேன்."

அன்றைக்கு நான் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மரத்தடி என்று மாமியார்தான் சொன்னார். அந்த வயசில் அவருக்கு என்ன ஞாபகம் இருந்ததோ. கல்லறைத் திருநாள் தவறாமல் அங்கேதானே மெழுகுதிரி கொளுத்தினேன்! இந்த மனுஷன் பக்கத்துலயே நின்னாரே, வாயத் திறக்கலயே! ஏன்?

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மொத வருஷமே சொல்ல வந்தேன். நீ அங்க ஒக்காந்து அழுது முடிச்சிட்டு வந்து, ஒரு தட்டு சோறு தின்ன. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறகு அன்னைக்குத்தான் ஒழுங்கா தின்ன. எப்படிச் சொல்றது?"

மதிலோரக் குழியில் பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் கிடைத்தது. அந்தப் பெட்டியில்தான் பிள்ளையை வைத்தாராம்.

ஜனவரி 19

கோபப்படவும் முடியவில்லை. படாமலும் முடியவில்லை.

அப்படியானால் கொய்யா மரத்தடியில் யார்? இத்தனை காலம் யாரிடம் அழுதேன்? முருகையா சொல்கிறார்: "ரோடு போட்ட காலத்துல செத்தவங்கள எந்தச் சாமி கும்பிட்டவன்னு பாக்காம இங்கதான் பொதைச்சாங்களாம். எங்க ஆளாக்கூட இருக்கும்." இன்று மரத்தடியையும் தோண்டியபோது பெரிய ஆளின் எலும்பு. கேட்டு யாரும் வரவில்லை.

ஜனவரி 21

ஒரு சட்டையின் கையைத் தப்பாக வெட்டிவிட்டேன். ஒன்றும் ஓடவில்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

மேட்டில் அடக்கம். கொய்யா மரத்தடி ஆளையும் எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

"யாருன்னு எழுதுறதும்மா?" என்றார் பாதர்.

"எங்க வீட்டு ஆள்னு எழுதுங்க பாதர்."

இரண்டு குழியையும் றிச்சர்ட்தான் வெட்டினார். இந்த முறை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.