பயத்தில் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மா,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

சிரிக்காதே. எங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன வாரம் போன் செய்த ஒருவர், வாஷிங் மெஷின் மூன்றாம் முறையாக நின்றுவிட்டதென்று கத்தினார். மேலாளரும் இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். பயத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரல் இறங்கியது. "இல்லம்மா. காலையிலேருந்து இதோட மல்லுக்கட்டுறேன்."

"இது என்ன கல்யாண வீடா?" என்று மேலாளர் சீறினார். வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்.

இன்று அந்த வாடிக்கையாளரே மறுபடி அழைத்தார். "சாப்பிட்டீங்களான்னு கேட்ட பொண்ணு இருக்கா? புது மெஷினும் உங்ககிட்டயே வாங்கிக்கிறேன்."

மேலாளர் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.

அன்று போன் செய்வேன். வேலை என்னாச்சு என்று எடுத்ததும் கேட்காதே. சாப்பிட்டாயா என்று கேள். இங்கே என்னை யாரும் கேட்பதில்லை.

இடைவேளை முடிந்தது, ஓடுகிறேன்.

உன் மகள்