தடை அப்பாவின் பெயருக்கு

12 செப்டெம்பர் 1996, வியாழன். பூம்ப்ளிஸ், சுவிஸ்.

இந்தப் பருவத்திலிருந்து புது விதி: அணி மாறுகிறவர்கள் அரைப் பருவம் விளையாடக்கூடாது. பழைய கழகத்தை விட்டுப் பல்கலைக்கழக ஹாண்ட்போல் அணிக்கு வந்த எனக்கும் அதுதான். ஆனால் இன்று சங்கத்திலிருந்து என் புது வீரர் அட்டை தடையில்லாமல் வந்துவிட்டது. படிவத்தில் குடும்பப் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில், அவசரத்தில் மதிவதனி என்று என் பெயரையே எழுதியிருக்கிறேன். பழைய அட்டையில் அங்கே இருந்தது அப்பாவின் பெயர், சிவராசா. ஆறு வருடமாக மைதானத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது மதிவதனி வேறொருத்தி என்று சங்கத்தில் நினைத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் கண்ணடித்தார். "சனிக்கிழமை இறங்கு. யாருக்கும் தெரியாது."

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "தடை என்ரை பேருக்குத்தானே பிள்ளை? நான் வெளியில இருக்கிறன், நீ போய் விளையாடு."

"அப்ப சிவராசா எண்டு நான் போட்ட கோல் எல்லாம் ஆற்றை, உங்கடையோ அப்பா?"

சிரிப்பு நின்றது. "ஓம், அது உன்ரைதான்."

அந்தக் கோல்களை நான் விடுவதாக இல்லை. சிவராசாவும் மதிவதனியும் நான் ஒருத்தியே என்று சங்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் தபாலில் சேர்ப்பேன்.

பயிற்சியாளருக்கு மதிவதனி என்பது இன்னும் வாயில் நுழையவில்லை. பழகிக்கொள்ள அவருக்கு, என் தடை முடியும் ஜனவரி வரை நேரமிருக்கிறது.