எல்லா வரியிலயும் இருந்த ஒன் பேரு

மாப்ள,

இன்னைக்கு ஒங்க ஆபீஸ் பர்வீன் ஒன் லேப்டாப்பத் தொறந்துச்சு. உள்ள இருக்குற ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் சூடா ஒரு வாடை அடிச்சுது பாரு, சுண்ணாம்புக்கல் தூசி வாடை. ரெட்டிபாளையம் போற ரோட்டு மேல வூட்டக் கட்டிட்டு, கல்லு லாரி போறப்பல்லாம் ஜன்னல சாத்து, ஜன்னல சாத்துன்னு ஒங்கம்மாவ வெரட்டுவியே. நீ போயி இத்தன மாசம் ஆச்சு, தூசி மட்டும் பத்திரமா உள்ளயே குந்திக்கிட்டு இருந்திருக்கு. ஒங்கம்மா கிட்ட வந்து மோந்து பாத்தா. அப்புடியே அடுப்படிக்குப் போயிட்டா.

நான் எட்டாவதோட நின்ன ஆட்டுத் தரகன். நீ பெரிய கம்ப்யூட்டரு. ஆனா தங்கச்சி மவன வம்புக்கு இழுக்க தாய்மாமனுக்குப் படிப்பு எதுக்கு? குரும்பலூர்ல பஸ் ஏறி, பெரம்பலூர்ல மாறி, இவ்வளவு தூரம் நான் வந்ததே ஒன் பக்கத்துல நாற்காலியப் போட்டு ஒன்னயக் கெடுக்கத்தான்.

அன்னைக்கும் அப்புடித்தான் வந்து குந்துனேன். நீ கல்யாணப் பந்திக்கு எல போடுறவனாட்டம் ப்ரோகிராம்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி எடம் வுட்டு, இழுத்து இழுத்து நேராக்கிக்கிட்டு இருந்த.

“இப்புடி நேராக்குனா வேகமா ஓடுமா மாப்ள?”

“ஓடாது மாமா.”

“புதுசா எதாச்சும் செய்யுமா?”

“செய்யாது. முன்னாடி என்ன செஞ்சுதோ அதையேதான் செய்யணும். துளி மாறுனாலும் என் வேல தப்பு.”

“ஒண்ணுமே மாறாம இருக்கறதுக்கா நாள் பூரா குந்தியிருக்க? அதுக்கு எங்கூர்ல நெறைய ஆளு இருக்கான்டா, கூட்டியாரவா?”

“யோவ் மாமா, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு டீயக் குடி”ன்ன. அப்பறம் நீயே மனசு கேக்காம சொன்ன. ஒவ்வொரு மிஷின்லயும் ஒரு சிப்பு இருக்கும், பழசுக்குத் தெரியாததெல்லாம் புதுசுக்குத் தெரியும். தெரியாத வேலயச் செய்யின்னு பழசுகிட்ட சொன்னா, தெரியாதுங்கன்னு மரியாதையா சொல்லாது, ஓடிக்கிட்டிருக்குற ப்ரோகிராம் அந்த எடத்துலயே செத்து விழுந்துடும். அதனால மொதல்லயே, இது தெரியுமா, அது தெரியுமான்னு ஒண்ணொண்ணா கேட்டுக்கணும். நீ நேராக்குனது பூரா அந்தக் கேள்விங்கதான்.

“மாப்ள பாக்கப் போறவன் கேக்குற மாதிரி. அங்க எல்லாப் பயலும் பொய்தானடா சொல்லுவான்?”

“இங்கயும் முழுசா நம்ப முடியாது மாமா. சிப்பு எனக்குத் தெரியும்ங்கும். அதுக்கு மேல இருக்குற சிஸ்டம் விடமாட்டேங்கும். ரெண்டு பேரையும் கேக்கணும்.”

“மருமவ சரின்னாலும் மாமியாக்காரியையும் கேக்கணும்.”

நீ சிரிச்ச சிரிப்புல டீ கீபோர்டுல தெறிச்சுது. தொடச்சிக்கிட்டே என்னயத் திட்டுன. அந்தத் திட்டு இப்பக் கெடைக்குமா எனக்கு?

பல வருஷமா பல பேரு எழுதுனதாம் அது. ஒருத்தன் எழுத்து இப்புடி, ஒருத்தன் எழுத்து அப்புடி. நீ எல்லாத்தையும் ஒரே சீராக்குனதும், ஒரு கேள்விய மட்டும் தப்பான எடத்துல போயி கேக்குறது ஒன் கண்ணுல பட்டுச்சு.

“பாத்தியா மாமா, கோணலா கெடந்தப்ப இது தெரியவே இல்ல.”

“சரி, திருத்தி வுடு.”

“இப்பக் கூடாது. நேராக்குறது தனி, திருத்துறது தனி. ஒண்ணா கலந்து அனுப்புனா, பாக்குறவங்களுக்கு எது சும்மா நவுந்துச்சு, எது நெசமா மாறுச்சுன்னு தெரியாது. மொதல்ல இத ஏத்துக்கட்டும். அத நாளைக்கு தனியா எழுதி அனுப்புறேன்.”

“ஒரு எழுத்துக்கு ஒரு நாளாடா?”

“அதான் மாமா மொற.”

எடது ஓரத்துல இந்த வரிய யாரு எழுதுனாங்கன்னு பேரு வரும், நான் எல்லா வரியையும் தொட்டதால எம் பேரா வரும், அது நல்லா இருக்காதுன்னும் சொன்ன. “நாளைக்கு அதையும் பண்ணணும். இந்த நேராக்குனதக் கண்டுக்காதன்னு கம்ப்யூட்டருகிட்ட சொல்லி வச்சுட்டா, எழுதுனவங்க பேரே திரும்ப வந்துடும்.”

மறுநா காலைல, ஏத்துக்கிட்டாங்க மாமான்னு போனக் காட்டுன. ஒரு டீய அடிச்சிட்டு வந்து ஒக்காந்துடுறேன்னு செருப்ப மாட்டுன. ரோட்டுக்கு அந்தாண்டதான் டீக்கடை. கல்லு லாரி.

அதுக்கு மேல எனக்கு எழுத வரல.

கருமாதி முடிஞ்சப்பறம் பர்வீன் வந்துச்சு. ஒனக்குக் கீழ வேல பாத்த பொண்ணு, பெரம்பலூர்க்காரி, இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச புள்ளதான். என் போன்ல நீ நேராக்குனதுல ஒரு பக்கத்தப் போட்டுக் குடுத்துச்சு. எடது ஓரம் பூரா, மேலேருந்து கீழ வரைக்கும் ஒன் பேரு. இங்கிலீஷ எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் நான். ஒன் பேர கூட்டாமயே படிச்சேன். ஒங்கம்மாளுக்கு எழுத்தே தெரியாது. ஒவ்வொரு வரியா வெரல வச்சு, “அண்ணே, இதுவும் அவனா? இதுவும் அவனா?”ன்னு கேட்டா. எல்லாம் அவந்தான்டின்னேன். அதுலேருந்து நான் எப்ப வந்தாலும் தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் போனத்தான் கேப்பா. போட்டோவுக்கு மாலை போட்டா ஆளு செத்துட்டான்னு அர்த்தம். இதுல அப்புடி இல்ல, நீ என்னமோ வேல பாத்துக்கிட்டே இருக்குற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. எனக்குந்தான்.

நேத்து தொறந்தா யார் யாரு பேரோ நிக்கிது. ஒன்னுது ஒண்ணு கூட இல்ல. எழுத்தே தெரியாதவ, “இது வேற மாதிரி இருக்கு”ன்னுட்டா. நான் பர்வீனுக்குப் போனப் போட்டு வாய்க்கு வந்தபடி கத்துனேன். அந்தப் புள்ள இன்னைக்கு காலைலயே பஸ்ஸப் புடிச்சு வந்துருச்சு.

“நான்தான் மாமா பண்ணேன், நேராக்குனதக் கண்டுக்காதன்னு சொல்லி வச்சேன். இவ்வளவு நாள் தள்ளித் தள்ளிப் பாத்தேன். ஆபீஸ்ல எந்த வரியப் பத்தி சந்தேகம்னு பாத்தாலும் அண்ணன் பேருதான் வருது. எறந்தவர்கிட்ட எப்புடிக் கேக்கறதுங்குறாங்க.”

“ஏன் கேட்டா என்ன? நான் தெனம் கேக்கல?”

அந்தப் புள்ள அழுதுருச்சு. நானும் சும்மா இருந்திருக்கலாம்.

அப்பறம் கண்ணத் தொடச்சிக்கிட்டு ஒரு யோசன சொல்லுச்சு. நீ கண்டுபுடிச்ச அந்தத் தப்பு இன்னும் அப்புடியே இருக்காம். ஒன் லேப்டாப்புல அதத் திருத்தி எழுதி வச்சிருந்தீன்னா, அத ஒன் பேர்லயே அனுப்பிடலாமாம். அது சும்மா நேராக்குனது இல்ல, நெசமான திருத்தம். யாரும் எடுக்க மாட்டாங்க. ஒரு வரில ஒன் பேரு நிக்கும். அதுக்குத்தான் லேப்டாப்பத் தொறந்தது.

ரொம்ப நேரம் தேடுச்சு. இல்ல மாப்ள. ஒரு எழுத்து எழுதி வைக்கல நீ. நாளைக்குன்னா நாளைக்குத்தான் ஒனக்கு. என்னா மொறடா அது?

“நான் எழுதி அண்ணன் பேரப் போட்டு அனுப்பவா மாமா? போட முடியும்”ன்னுச்சு பர்வீன். வயசான நாலு பல்லு ஆட்ட எளசு, ரெண்டு பல்லுதான்னு சொல்லி வித்தவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு பொய்யா? போடும்மான்னு வாயெடுத்தேன்.

அடுப்படியிலேருந்து ஒங்கம்மா சொன்னா, “அவன் எழுதுனா அவம் பேரு. நீ எழுதுனா ஒம் பேரப் போடுத்தா.”

பர்வீன் தட்டுச்சு, தன் பேர்ல அனுப்புச்சு. லேப்டாப்ப மூடப் போறப்ப நான் கேட்டேன், “அப்ப எம் மாப்ள செஞ்சது எங்கதாம்மா இருக்கு?”

வரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்குற வெத்து எடத்தக் காட்டுச்சு. “இதான் மாமா. இந்த எடமெல்லாம் அண்ணன் வுட்டது. இதுக்குன்னு தனியா பேரு காட்டாது.”

திரும்பி வர்றப்ப பெரம்பலூர் பஸ்ல போனத் தொறந்தேன். எழுத்தப் பாக்கல. எழுத்துக்கு முன்னாடி காலியா கெடக்குதே, அதுல வெரல வச்சு மேலேருந்து கீழ இழுத்துக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுல இருந்த ஆளு கொஞ்ச நேரம் பாத்துட்டு, “என்ன பெரியவரே, ஒண்ணுமில்லாத எடத்தப் போயி தடவிக்கிட்டு இருக்கீங்க?”ன்னான்.

எங்கிட்ட ஒருத்தன் வாயக் குடுத்தா நான் சும்மா வுடுவனா? நறுக்குன்னு எதாச்சும் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். “எம் மாப்ள வுட்ட எடம்”னு மட்டுந்தான் வந்துச்சு.