தலைகீழாகப் பிடித்த கேமரா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

பழைய கேமரா இரண்டையும் கடையில் பார்த்துவிட்டேன். "கேமரான்னா கையில கனம் தெரியணும்டா" என்று நீங்கள் சொன்ன உலோக உடம்புக்காரன்தான் சந்தேகமில்லாமல் உசத்தி. கிளிக் சத்தமே கதவைத் தாழிட்டதுபோல இருக்கிறது. மற்றது பிளாஸ்டிக், கொஞ்சம் இருட்டினாலே ஃபோகஸ் பிடிக்கத் திணறுகிறது. ஆனால் அதைத்தான் வாங்கினேன். திட்டாதீர்கள்.

போன வாரம் கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து என் வலது கையில் விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மாவுக்கட்டுதான். விரல்கள் பழையபடி மடங்க நாளாகுமாம். எல்லாக் கேமராவுக்கும் பொத்தான் வலப்பக்கம்தானே? அதனால் தலைகீழாகத் திருப்பி, இடக்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். கனமானது நழுவியது. இது நின்றது.

கடைக்காரர், "என்ன சார், படம் தலைகீழா வராதா?" என்றார்.

"வரட்டும், அப்புறமா திருப்பிக்கலாம்" என்றேன்.

சோதனைக்கு அவரையே நிற்கவைத்து எடுத்தேன். எடுக்க வேறு முகம் இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பொத்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒற்றைக் கையால் பொத்தான் போடுவதற்குள் விடிந்துவிடுகிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது பெட்டி விழுந்த கதையைத் தாண்டிவிடுங்கள். உறைமேல் எழுத்து ஏன் கோழி கிண்டியதுபோல இருக்கிறது என்று கேட்டால், பஸ்ஸுக்கு அவசரமாம் என்று சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்