ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நல்லபடி நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து.

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய், லாரிகளெல்லாம் மலையைச் சுற்றிப் போன வருடம், நீ தவழ்ந்துகொண்டிருந்தாய், அப்போதுதான் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி நடையில் ஒரே பெஞ்சு. இன்சுலின் ஊசிக்கு வருகிறவர்கள் தையல்காரர், தபால்காரரின் தம்பி, டீச்சர், குள்ளன் என்று நாங்கள் கூப்பிட்ட பெயின்டர், கடைசியில் உன் அம்மா. தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது, நான் துணியைக் குத்துனதுக்கெல்லாம் இப்ப வட்டியோட என்னைக் குத்துறாங்க என்பார். அவர் ஒரு நாள் தையல் மிஷின் மேலேயே சாய்ந்தபடி போய்விட்டார், சர்க்கரை இறங்கியது யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து லாரியில் தூர ஊருக்கு லோடு ஓட்டுவதை விட்டேன். அம்மாவின் நெற்றி வியர்த்தால் சர்க்கரைத் தண்ணீர், அதுதான் என் காவல்.

நீ அனுப்பிய இன்சுலின் பம்ப் இப்போது அவள் இடுப்பில், சர்க்கரையை அளக்கிற சென்சார் கையில். சர்க்கரை ஏறினால் தானே மருந்து விடும், இறங்கினால் தானே நிறுத்தும் என்று நீ சொன்னது நிஜம்தான். ஆனால் சர்க்கரை இறங்குகிறதென்று போனில் அம்பு கீழே பார்த்தால் எனக்குக் கை நிற்காது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அம்பு தெரியுமே. ரொம்ப இறங்கினால்தான் அலாரம் அடிக்கும், அதற்கு முன்பே ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்துவிடுவேன். பம்ப் மருந்தை நிறுத்தியிருக்கும், நானும் சர்க்கரையை ஊற்றியிருப்பேன், எகிறிவிடும், உடனே அது மருந்தைக் கூட்டும், சரியும், மறுபடி என் டம்ளர். உன் போனிலும் அம்மாவின் சர்க்கரைக் கோடு மேடும் பள்ளமுமாகத் தெரிந்து, மிஷின் கெட்டுப்போச்சு, வேலையை விட்டுட்டு வர்றேன் என்றாய். மிஷின் கெடவில்லை கண்ணு. அம்பைப் பார்த்துக் குடுக்காதீங்க ஐயா, அலாரம் அடிச்சா மட்டும், அதுவும் நான் சொன்ன அளவு என்றார் நர்ஸ். உன் அம்மா விடுவாளா, ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் ஆகாதுன்னு கிளீனரை நடுரோட்டுல இறக்கிவிட்ட மனுஷன், இப்ப என் இடுப்புல ஸ்டியரிங் புடிக்கிறாரு என்று நர்ஸ் எதிரிலேயே சொன்னாள். இதை எழுதும்போது மட்டும் அவள் கை வேகமாகப் போகிறது.

நேற்று மத்தியானம் அவள் துணி மடிக்கையில் அம்பு கீழே திரும்பியது. என் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயமா இருந்தா என் கையைப் புடிச்சுக்குங்க, டம்ளரை எடுக்காதீங்க என்றாள். பிடித்துக்கொண்டேன். துணி பாதியில் கிடந்தது. மெல்ல மெல்ல அம்பு சாய்வு குறைந்து நேரானது, அலாரம் அடிக்கவே இல்லை. ஆகையால் நீ வேலையை விடவேண்டாம், உன் அப்பன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். அலாரம் அடித்தால் மட்டும் எழுந்திருப்பேன். அடுத்த சென்சார் பெட்டியை மறக்காமல் அனுப்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

முடிந்தது என்று பேனாவை மூடினாள், இன்னும் ஒன்று இருக்கிறது எழுது என்றேன். போன மாதம் டீச்சரும் போய்விட்டார். அந்தச் சேதி வந்த பிறகுதான் என் டம்ளர் பெரிதானது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இனி ஒருத்திதான் மிச்சம், இதை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்து எழுதிக்கொண்டிருக்கிற உன் அம்மா.