மேனேஜர் வேலை

அன்பு ஜெனிட்டாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம். போனில் பேசினால் குரலை வைத்தே பிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பனியன் கம்பெனிகளுக்குள் ஃபுட்பால் ஃபைனல். கல்கத்தா கிளப்பில் பத்து வருஷம் மிட்ஃபீல்டில் ஆடியவன் என்றுதானே முதலாளி என்னை டீமுக்கு மேனேஜராக வைத்தார்? கப் ஜெயித்தால் ஈஸ்டருக்கு ஊருக்குப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால். அப்போது எங்கள் கம்பெனி வேன் வந்தது. ஷிப்மென்ட் அவசரமாம். ஆடிக்கொண்டிருந்த டெய்லர்கள் நான்கு பேரை ஜெர்சியோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளியிடம் ஓடினேன்.

"ஏனுங்க, மேனேஜர்னு உங்களை எதுக்கு வெச்சிருக்கறோம்? இருக்கறவங்களை வெச்சு மேனேஜ் பண்ணிக்குங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மிச்சம் ஏழு பேர். ஆறு கோல் வாங்கினோம். இன்று காலையில் அவரே கேட்கிறார், "என்னங்க, இப்படித் தோத்துப் போட்டீங்க?"

முழங்காலுக்கு நீ காய்ச்சும் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. இங்கே கிடைப்பது எதுவும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு லீவு இல்லை. பிள்ளைகளிடம் ஏதாவது சொல்லி நீயே மேனேஜ் பண்ணிக்கொள்.

ஷிப்ட் பெல் அடித்துவிட்டது.

உன் ததேயு