பெயருக்கு விட்ட இடம்

நேற்றும் என் தையல் கடை வாசலில் ஓட்டுக் கேட்டுவிட்டுப் போனீர்கள், அண்ணே. நீங்கள் மாரடைப்பில் போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் கட்சி ஆட்டோ மணமேல்குடி கடைத்தெருவுக்குள் திரும்பியதும் முதலில் வருவது உங்கள் குரல்தான். "வணக்கம் தாய்மார்களே" என்றதும் என் கால் தானாக மெஷினை நிறுத்திவிடும்.

புதுப் படகுத்துறை மறு மழையிலேயே இடிந்தபோது, அதைக் கட்டிய காண்ட்ராக்டரைக் கேள்வி கேட்கத்தான் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தோம். மைக் செட் உங்களுடையது. இப்படி ஊர் ஊராக உட்கார்ந்தவர்கள் சேர்ந்துதான் பிறகு கட்சி ஆரம்பித்தோம். முதல் தேர்தலுக்கான பேச்சை என் கடையில்தான் பதிவு செய்தீர்கள். "துணி நெறைய தொங்குதுல்ல, எதிரொலி கேக்காது" என்றீர்கள்.

"வேட்பாளர் யாருன்னே தெரியலையே, பேருக்கு என்னண்ணே பண்ணுவீங்க?"

"எடம் விட்டுப் பேசிர்றேன். பின்னாடி சேத்துக்கிறட்டும். யாரா இருந்தாலும் நம்ம ஆளாத்தானே இருப்பாரு!"

"உங்கள் நேர்மையான வேட்பாளர்" என்று சொல்லி, மூச்சை அடக்கி, விரலை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு "அவர்களுக்கு வாக்களியுங்கள்" என்று முடித்தீர்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தத் தேர்தலில் அந்த இடத்தில் எவனோ ஒருவன் குரல் வந்து அந்தக் காண்ட்ராக்டரின் பெயரைச் சொல்கிறது. அதே ஆள்தான். போன வருடம் நம் கட்சியிலேயே சேர்ந்தார், இந்த வருடம் வேட்பாளர். பாலுக்குப் பூனை காவல். உங்கள் வாயாலேயே அவரை நேர்மையானவர் ஆக்கிவிட்டார்கள். இடம் விட்டுப் பேசிய உங்கள் மேலும் கோபம் வந்தது.

ஆட்டோவை மறித்தேன். "ஆபீஸ்ல குடுத்ததக்கா. இந்தக் கொரலுக்குத்தான் சனம் திரும்பிப் பாக்குது" என்றான் டிரைவர். உங்கள் வீட்டுக்குப் போனேன். "மதினி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருவாங்க" என்றேன்.

"நிறுத்தச் சொல்லாத தாயி."

"போன்ல ஏத்தித் தாரேன், எப்ப வேணும்னாலும் கேளுங்க."

"வேணாம். போன்ல கேட்டா செத்தவுக கொரலு. தெருவுல கேட்டா, வேலையா போய்ட்டு வார மாதிரி இருக்கு. அந்தாளு பேரு வாரப்ப மட்டும் காதப் பொத்திக்கிருவேன்."

அதன் பிறகு நான் ஆட்டோவை மறிக்கவில்லை. அந்தப் பெயர் வரும்போது நானும் காதைப் பொத்திக்கொண்டேன்.

நேற்று மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது. இன்று காலை மதினி கடைக்கு வந்தார்கள். கையில் தைக்கக் கொடுக்க ஒன்றுமில்லை. வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகும்போது கேட்டார்கள்: "அடுத்த எலெக்சன் எப்ப தாயி வரும்?"

அண்ணே, அன்று பதிவின்போது யார் பெயரும் ஏறாத அந்த இடத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கண்ணை மூடினால், நீங்கள் மூச்சை அடக்கி, விரலை உயர்த்திக்கொண்டு இன்னமும் காத்திருக்கிறீர்கள்.